வள்ளத்துக்குக் கட்டில்

டேப்போட அந்த முனையை நீங்க பிடிச்சுக்கிடுங்க சார். இழுக்க வேண்டாம், சும்மா பிடிச்சாப் போதும். பன்னெண்டு அடி. எழுதிக்கிட்டீங்களா? இது அடிக்கட்டை. ரெண்டு பக்கமும் ஒரே அளவு. என் வள்ளம் பதினெட்டு அடி, அதுக்குப் பன்னெண்டு. உங்க போட்டு பதினாலுன்னா ஒம்பது போதும். மூக்கும் வாலும் கொஞ்சம் வெளிய நீட்டிக்கிட்டு நிக்கணும், அதான் கணக்கு.

வள்ளம் எங்கன்னு கேக்கீங்க. நியாயந்தான். வள்ளம் வைக்கிற ஸ்டாண்டைப் பாக்கணும்னு தூத்துக்குடியிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கீங்க, ஸ்டாண்டு காலியாக் கெடக்கு. வள்ளம் கடலுக்குப் போயிருக்கு சார். இன்னைக்குத்தான் போச்சு. பதினோரு மாசம் இது மேலயேதான் இருந்துச்சு, நேத்து வந்திருந்தா ஜோராப் பாத்திருக்கலாம். எம்பையன் கொண்டுபோயிருக்கான். இன்னாசின்னு பேரு, இருபத்திநாலு வயசு. கூட என் வீட்டுக்காரியோட தம்பி மகன் ஒருத்தனும் போயிருக்கான். ஒம்பது மணிக்கெல்லாம் வந்துருவேன்னு சொல்லிட்டுப் போனான். இப்ப மணி என்ன ஆகுது? பத்தே காலா? உங்க வாட்ச் முன்ன ஓடும் போல.

குறுக்குக்கட்டை மூணு. எழுதுங்க. நாலரை அடி, நாலரை அடி, பின்னால உள்ளது மட்டும் அஞ்சு. பின்பக்கம்தான் கனம். மிஷினைக் கழட்டித்தான் வைப்போம், இருந்தாலும் கனம் கனந்தான்.

எதுக்கு செஞ்சேன்னு முதல்ல சொல்லிருதேன், அப்பதான் அளவு புரியும். போன வருஷம் ஆனி மாசம். கச்சான் காத்து அடிக்கிற நேரம், கடல் முரட்டுத்தனமாத்தான் இருக்கும். நானும் இன்னாசியும் போயிட்டுத் திரும்பி வாறோம். அந்தா, கரைக்குக் கொஞ்சம் முன்னால வெள்ளையா அலை உடையுது பாருங்க, அந்த இடத்துக்கு வரையில மிஷின் நின்னுபோச்சு. வள்ளம் குறுக்க திரும்பிருச்சு. அலை வந்து கவுத்துப் போட்டுருச்சு. இது எல்லாருக்கும் நடக்குததுதான், பெரிய விஷயமில்ல. ஆனா வள்ளத்தோட மூக்குப் பக்கம் ஒரு முழ நீளத்துக்கு விரிசல் விழுந்துபோச்சு. ஃபைபர்ல விரிசல்னா சும்மாவா?

இன்னாசியா? இன்னாசிக்கு ஒண்ணும் இல்ல சார். வள்ளத்துக்கு அடியில கொஞ்ச நேரம் கெடந்தான், அவ்வளவுதான். கொஞ்ச நேரம்னா, நான் ரெண்டு தடவை முங்கித் தேடுனேன், கிடைக்கல. மூணாவது தடவை தலைமுடி கையில சிக்குச்சு. அவ்வளவு நேரம். கரையில போட்டு முதுகுல நாலு அடி அடிச்சாங்க, தண்ணியக் கக்கிட்டான். காறை எலும்பு ஒடிஞ்சிருந்துச்சு. வயசுப் பையன், தானாக் கூடிரும்னாரு டாக்டர், கூடிருச்சு. அவன் எலும்பு தானாக் கூடும். வள்ளம் தானாக் கூடுமா? யோசிச்சுப் பாருங்க.

ஃபைபர் வேலை பாக்குதவன் ஒன்றரை மாசம் கழிச்சுத்தான் வந்து விரிசலை அடைச்சான். ஒரு வாரம் காயட்டும், அப்புறம் இறக்குங்கன்னான். ஒரு வாரம் எங்கன காயும்? எங்க ஊர்ல வள்ளத்தை மண்ணுலதான் போடுவாங்க. அடியில ரெண்டு பனந்தடி. அதுவும் சில பேரு போடுததில்ல. எங்க அப்பா போட்டாரு, அவங்க அப்பா போட்டாரு, அதனால நானும் போடணும்னு சட்டமா? மண்ணு ஒரு பக்கம் இறங்கும், வள்ளம் சாயும், அடைச்ச இடம் விட்டுப்போகும். நான் அதெல்லாம் யோசிச்சேன். எனக்கு எப்பவுமே யோசனை கொஞ்சம் கூடுதல் சார். அப்பதான் ஸ்டாண்டுன்னு ஒண்ணு செஞ்சா என்னன்னு தோணுச்சு.

மரம் தேக்கு. தட்டிப் பாருங்க. இப்ப இந்தத் தேக்கு எங்க கிடைக்குது? இது எங்க கட்டில். பிரகாசி, என் வீட்டுக்காரி, அவ வீட்டுல கல்யாணத்துக்குக் கொடுத்த கட்டில். நல்லா இருக்கிற கட்டிலைப் பிரிச்சேன்னு நெனச்சிராதீங்க, ஒரு கால் ஆடிக்கிட்டு இருந்துச்சு. இன்னாசி அதுலதான் படுத்துக் கெடந்தான், தோள்ல கட்டுப் போட்டு, ஒன்றரை மாசம். அவன் எந்திரிச்சு நடமாட ஆரம்பிச்ச அன்னைக்கே பிரிச்சிட்டேன். இனிமே யாரும் அதுல படுக்க வேண்டாம்னு தோணுச்சு. பிரகாசி வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்தா. இருபத்தாறு வருஷத்துல அவ பேசாம இருந்தது அன்னைக்குத்தான், அதனால அவளுக்கும் சம்மதம்னு எடுத்துக்கிட்டேன். இப்பப் பாயிலதான் படுக்கா. முதுகுக்குப் பாய்தான் நல்லதுன்னு டாக்டர்மாரே சொல்லுதாங்களே.

அடிக்கட்டை ரெண்டும் கட்டில் இல்ல. அது மாதா கோயில்ல கழிச்சுப்போட்ட பெஞ்சு. அங்க மணியடிக்கிற கோயில்பிள்ளை விறகுக்கு வச்சிருந்தாரு, அவருகிட்டக் கேட்டு வாங்குனேன். முழங்கால் போட்டு முழங்கால் போட்டு வழவழன்னு ஆயிருக்கு பாருங்க. நல்லா சகிச்ச மரம்.

இனிமேதான் முக்கியம். இந்த வளைவு. இத எப்படி எடுத்தேன்னு கேளுங்க. வள்ளத்தோட வயிறு நேரா இருக்காது, ஒவ்வொரு அடிக்கும் மாறும். வெல்டிங் கம்பி ஒண்ணு எடுத்து, வயித்துல ஒட்டி வச்சு அமுக்கிட்டே வரணும். கம்பி அப்படியே வளையும். அதைக் கொண்டுபோய்ப் பலகையில வச்சுப் பென்சிலால கோடு போட்டு அறுத்துற வேண்டியதுதான். மூணு இடத்துக்கு மூணு கம்பி. கம்பியில நம்பர் எழுதி வச்சுக்கிடுங்க. நான் எழுதல. அதனால முதல் தடவை முன்னுக்கு உள்ளது பின்னால போயிருச்சு, திரும்ப அறுத்தேன். கட்டிலோட தலைமாட்டுப் பலகை அதுலதான் போச்சு.

கம்பளி வைக்கணும். மரத்துல நேரா உக்காரக் கூடாது, உராயும். முதல்ல பழைய டயரை வெட்டி வச்சேன். கறுப்பு ஒட்டுச்சு. அப்புறம் பழைய வலையை மடிச்சு வச்சேன், தண்ணி தங்குச்சு. அப்புறம் வீட்டுல கம்பளிப் போர்வை ஒண்ணு இருந்துச்சு... சரி, அதை விடுங்க. நீங்க கடையில கார்ப்பெட் வாங்கிருங்க.

ஊர்ல சிரிச்சாங்க சார். பின்ன சிரிக்காம? "வள்ளத்துக்குக் கட்டில் போட்டவன்"னு பேரு வச்சுட்டாங்க. தொம்மைன்னு கேட்டா இப்ப யாருக்கும் தெரியாது, கட்டில்காரன்னு கேட்டாத்தான் வழி சொல்லுவாங்க. உங்களுக்கும் அப்படித்தானே வழி சொன்னாங்க? பஸ் ஸ்டாப்புல டீக்கடைக்காரன் ஒருத்தன் இருப்பான், அவன்தான் ஆரம்பிச்சு வச்சான். "தொம்மை, தலையணை வச்சீரா?"ன்னு கேட்டான். அவன் கடையில டீ குடிக்கிறதை விட்டுட்டேன். தஸ்நேவிஸ்னு இன்னொரு வள்ளக்காரன், அவன்கிட்ட ஆறு வருஷமாப் பேச்சு இல்ல, அது நங்கூரக் கயித்துப் பிரச்சனை, வேற விஷயம். அவன் தம்பிமாரு ரெண்டு பேரும் ஸ்டாண்டைப் பாத்து ஏதோ சொல்லிச் சிரிச்சாங்க, அவங்ககிட்டயும் பேச்சை விட்டேன். ஒரு மாசத்துல இந்தக் கரையில எனக்கு நாலு பேரு மிச்சம். எனக்கென்ன நட்டம்?

உயரத்தைப் பிடிங்க. இந்தப் பக்கக்கட்டை, நாலு மூலையிலயும் நிக்கிதே, இதான். ரெண்டே முக்கால் அடி. என்னத்துக்கு இவ்வளவு உயரம்னு கேப்பீங்க. எல்லாரும் கேட்டாங்க. இது இருக்கதுனால வள்ளத்தைத் தள்ளி இறக்க முடியாது சார். நேராத் தூக்கித்தான் இறக்கணும். பதினெட்டு அடி வள்ளம் தூக்க எட்டு பேரு வேணும். ஏழு பேருன்னா ஒரு பக்கம் இழுக்கும். நான் கணக்குப் போட்டுத்தான் வச்சேன். காத்துக்காக. காத்து அடிச்சா வள்ளம் சரியக் கூடாதுல்லா.

இன்னாசியும் கேட்டான். "யப்பா, தென்னைமரம் சாய்க்கிற காத்துல கூட இது சாயாது. யாருக்குப் பயந்து இவ்வளவு உயரம்?"ன்னான். பிள்ளைங்க கேக்குததுக்கெல்லாம் பதில் சொல்லிக்கிட்டிருந்தா வேலை நடக்காது.

ஒரு வாரம் காயணும்னு சொன்னானா, ரெண்டு வாரம் காஞ்சுது. இன்னாசி, இறக்குவோம்னான். போல்ட்டு துருப்பிடிக்கி, மாத்திட்டு இறக்குவோம்னேன். துருப்பிடிக்காத போல்ட்டுக்குத் தூத்துக்குடி போணும், நான் போய் வாங்க ஒரு மாசம் ஆச்சு. திரும்பக் கேட்டான். பெயிண்டு அடிச்சுருவோம்னேன். ஒரு கோட்டு, ரெண்டு கோட்டு. மூணாவது கோட்டு காயுததுக்குள்ள மழை வந்துருச்சு, மழையில யாரு இறக்குவா? மழைக்காக மேல கூரை போட்டேன். தை மாசம் கேட்டான். அப்பப் பாத்து, நாய் ஒண்ணு ஸ்டாண்டுக்கு அடியில குட்டி போட்டுருச்சு. ஆறு குட்டி. கண்ணு தொறக்காத குட்டிகளுக்கு மேல எட்டு பேரு வள்ளத்தைத் தூக்கிக்கிட்டு மிதிச்சுக்கிட்டு நிக்க முடியுமா? பாவம் இல்லியா? குட்டி வளந்து தானா ஓடுத வரைக்கும் நான் விடல. ஒரு குட்டி மட்டும் போகவே இல்ல, அந்தா படுத்துக் கெடக்கே, அதான்.

அவன் ஐஸ் கம்பெனிக்குப் போனான். ஐஸ் உடைக்கிற வேலை. கைநிறையச் சம்பளம் இல்ல, ஆனா தரையில நிக்கிற வேலை. நான் நல்ல வேலைன்னேன். சாயங்காலம் வந்து கையை வெந்நீருல முக்கிக்கிட்டு உக்காந்திருப்பான், விரலெல்லாம் வெளுத்துப் போயி. கடலுக்குப் போறவன் கை கறுக்கும், இவனுக்கு வெளுத்துச்சு. வெளுத்தா என்ன, கைதானே. ராத்திரி தூங்க மாட்டான். பிரகாசி ஒருநாள் சோறு போட்டுக்கிட்டே சொன்னா, "வள்ளம் நல்லாத் தூங்குதுங்க. பிள்ளைதான் தூங்க மாட்டேங்குது." இவளுக்குக் கட்டில் போன கோவம் இன்னும் தீரலன்னு நெனச்சுக்கிட்டேன்.

கொஞ்சம் இருங்க. அந்தா, கறுப்பா... இல்ல. அது வேற வள்ளம். பெரியது.

என்ன கேட்டீங்க? ஆமா, எல்லா மூலையிலயும் ரெண்டே முக்கால்தான். ஆனா உங்களுக்கு அவ்வளவு வேண்டாம் சார். ஒன்றரை அடி போதும். உங்க போட்டு லேசு.

நேத்துச் சாயங்காலம் வந்து சொன்னான். "யப்பா, காலையில இறக்கப் போறேன். ஐஸ் கம்பெனியில சொல்லிட்டேன், இனி வரலன்னு." எட்டு பேருக்கு எங்க போவான்? விடியக்காலம் எல்லாரும் கடலுக்குப் போயிருப்பாங்க. கரையில இருக்கிறவங்க பாதிப் பேருகிட்ட நமக்குப் பேச்சே கிடையாது. சரி, கூப்பிட்டுப் பாக்கட்டும்னு நிம்மதியாப் படுத்துட்டேன். நல்லாத் தூங்குனேன்.

ஒரு விஷயத்தை மறந்துட்டேன் சார். எனக்கு யோசனை கூடுதல்னு சொன்னேன்லா, அதுல இது விட்டுப்போச்சு. எங்க ஊர்ல ஒரு வழக்கம் உண்டு. வள்ளத்துப் பக்கத்துல நின்னுக்கிட்டு ஒருத்தன் "ஒரு கை!"ன்னு கூப்பிட்டா, காதுல விழுந்தவன் வந்து கை வைக்கணும். சண்டைக்காரனா இருந்தாலும் வைக்கணும், வழக்குப் போட்டவனா இருந்தாலும் வைக்கணும். வள்ளத்தைத் தூக்கி வச்சிட்டுத் திரும்ப முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போயிரலாம். ஆனா கை வைக்காமப் போனா, நாளைக்கு அவன் வள்ளம் அலையில கெடந்தாலும் ஒருத்தன் வர மாட்டான். அதனால யாரும் மாட்டேன்னு சொன்னதில்ல. என் ஆயுசுல சொன்னதில்ல.

காலையில அவன் சத்தம் கேட்டு வெளிய வந்தேன். "ஒரு கை!"

முதல்ல வந்தது யாருன்னு நெனக்கீங்க? தஸ்நேவிஸ். லுங்கியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, என்னைப் பாக்காம, நேராப் போயி மூக்குப் பக்கம் நின்னான். அவன் தம்பிமாரு ரெண்டு பேரும் வந்தாங்க. மணியடிக்க வந்த கோயில்பிள்ளை வந்தாரு. டீக்கடைக்காரன் பாலை அடுப்புல வச்சிட்டு வந்திருக்கான், கையில கரண்டியோட. இன்னாசி, அவன்கூடப் போறவன். எத்தனை ஆச்சு? ஏழு. ஏழு பேரு சுத்தி நின்னுக்கிட்டு, எட்டாவது இடத்தைப் பாக்காங்க. நான் வச்ச கணக்கு அப்படியே இருக்கு. ஒரு கை குறையுது.

கரையில வேற யாரும் இல்ல. நானும் பிரகாசியுந்தான்.

இன்னாசி என்னைப் பாத்தான். "யப்பா, ஒரு கை"ன்னான். சத்தமாக் கூடச் சொல்லல.

நான் நின்னுக்கிட்டே இருந்தேன் சார். பிரகாசி அவனுக்குக் கொண்டுவந்த டீ ஃப்ளாஸ்க்கை மண்ணுல வச்சா. முந்தானையை இழுத்து இடுப்புல சொருகுனா. அவ ரெண்டு எட்டு எடுத்து வைக்கையிலதான் நான் போனேன். நான் தூக்குனேன்னு சொல்ல முடியாது. கை வச்சேன், அவ்வளவுதான். மத்தவங்க தூக்குனாங்க. ஆனா வள்ளம் எழும்பிருச்சு. ரெண்டே முக்கால் அடியும் தாண்டி எழும்பிருச்சு.

பிரகாசி அப்பயிருந்து அந்தா அங்கனதான் உக்காந்திருக்கா, தண்ணியில கால் படுத மாதிரி. சாப்பாடு வேணுமான்னு கேட்டேன், திரும்பிக்கூடப் பாக்கல.

அந்தாருங்க. அந்தா! பச்சைப் பெயிண்டு தெரியுதா? மூணு கோட்டு அடிச்சது, எங்கேயிருந்தாலும் தெரியும். அதான் நம்ம வள்ளம். நான் சொன்னேன்லா, உங்க வாட்ச் முன்ன ஓடுதுன்னு.

இருங்க, இப்ப அளவு வேண்டாம். இப்பத்தான் கவனிக்கணும். அலை உடையிற இடத்துக்கு வெளிய நிறுத்திட்டான் பாருங்க. நிக்கணும். பெரிய அலை மூணு மூணாத்தான் வரும். மூணும் கழிஞ்சு கடல் கொஞ்சம் அடங்கும், அந்த நேரத்துல மிஷினை முறுக்கி உள்ள வந்துரணும். முந்துனாலும் போச்சு, பிந்துனாலும் போச்சு. எண்ணுங்க சார். வாயைத் தொறந்து எண்ணுங்க. ஒண்ணு.

அன்னைக்கு எண்ணுனது நான். இன்னாசி முன்னால உக்காந்து வலையை மடக்கிக்கிட்டு இருந்தான். கரையில யாரோ பெரிய சீலா மீன் பிடிச்சிருந்தான், எல்லாரும் கூடி நிக்காங்க, நான் அதைப் பாத்துக்கிட்டே... ரெண்டு. இது ரெண்டு. நான் ரெண்டுலயே உள்ள திருப்பிட்டேன் சார். மிஷின் நிக்கவே இல்ல. மிஷின் நல்லாத்தான் ஓடிக்கிட்டு இருந்துச்சு. கவுந்தப்புறமும் கொஞ்ச நேரம் ஓடுச்சு, அந்தச் சத்தம் இன்னும் கேக்கு. மிஷின் நின்னுபோச்சுன்னு கரையில சொல்லிட்டேன். ஆஸ்பத்திரியில இன்னாசிகிட்ட என்ன ஆச்சுன்னு கேட்டாங்க. அவனுக்குத் தெரியும், காதுல கேட்டவன்தானே. என்னைப் பாத்துக்கிட்டே, "மிஷின் நின்னுபோச்சு"ன்னான். இன்னைக்கு வரைக்கும் அப்படித்தான் சொல்லுதான். அவங்க அம்மாகிட்டக் கூட.

மூணு. மூணு! இப்ப வா. ஏலே மக்கா, இப்ப வாலே!

வாறான். பாத்தீங்களா? மூக்கைத் தூக்கிக்கிட்டு எப்படி வாறான் பாருங்க. வந்துட்டான். வந்துட்டான் சார், தரை தட்டிட்டான்.

கூப்பிடுதான், கேக்குதா? ஒரு கைன்னு கூப்பிடுதான். தஸ்நேவிஸ் ஓடுதான் பாருங்க, மடையன், அவனுக்குத்தான் எப்பவும் அவசரம். நோட்டை இங்கன ஸ்டாண்டு மேல வைங்க, பறக்காது. உங்க காதுலயும் விழுந்துருச்சுல்லா, இனி நீங்களும் மாட்டேன்னு சொல்ல முடியாது. செருப்பைக் கழட்டிருங்க. எட்டாவது கை நீங்க வச்சிருங்க சார். நான் இந்த அடிக்கட்டையில கொஞ்சம் உக்காந்துக்கிடுதேன். ஒண்ணுமில்ல, காலையிலிருந்து ஒண்ணும் சாப்பிடல, அதான்.

சார், ஒரு நிமிஷம். இங்கன தூக்கிட்டு வர வேண்டாம்னு சொல்லிருங்க. மண்ணுலயே போடட்டும். விடிஞ்சா திரும்ப எட்டு பேரை யாரு தேடுதது?